மேற்கு மலையில் ஒரு புள்ளி

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை, சித்தியிடமிருந்து சுட்டது. சித்தி அருங்காட்சியகத்தில் தேரைகளை வகைப்படுத்துபவர். போன மாதம் அவருடைய அலமாரிகளை ஒழித்துத்தரப் போனவன், ஒரு கதையோடு திரும்பினேன்.

முதல் தொடக்கம்: ‘மழை மலையைக் கழுவிக்கொண்டிருந்த அந்த மாலையில், இரண்டு இதயங்கள்…’

சித்தி படித்துவிட்டு, “மலைய யாருடா கழுவுனா? முதல்ல தேரையச் சொல்லு,” என்றார்.

2

சரி, தேரை. கண்ணுக்குப் பின்னால் இரண்டு நச்சுச் சுரப்பிகள் புடைத்திருக்கும். கிழக்கு மலைத் தேரைக்கு அவை நீளம். மேற்கு மலைத் தேரைக்கு உருண்டை. குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். ஆனாலும் முப்பத்தொரு வருடமாகப் புத்தகங்களில் இரண்டும் ஒரே இனம். காரணம், ஒரே ஒரு ஜாடி. அதில் கிடக்கும் தேரைக்குச் சுரப்பி நீளம். பின்காலில் நூலால் கட்டிய சீட்டிலோ ‘மேற்கு மலை’ என்றிருக்கிறது. ஒரே மலையில் இரண்டு வடிவமும் இருந்தால் இனம் ஒன்றுதானே என்று கட்டுரை எழுதினார் சித்தப்பா. பரவல் வரைபடத்தில் மேற்கு மலைமேல் ஒரு புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகு அங்கே போனவர்களில் ஒருவர் கண்ணிலும் நீளச் சுரப்பி படவில்லை.

சீட்டில் இருப்பது சித்தப்பாவின் கையெழுத்து.

3

[இங்கே சித்தப்பாவைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ரொம்ப நல்லவராக வந்துவிட்டார். நிஜத்தில் முசுடு. பிடித்த இடத்திலேயே சீட்டு எழுதாதவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. இதை எழுதும்போது அவரிடம் ஒரு திட்டு வாங்கினால் தேவலை போலிருக்கிறது.]

அப்பேர்ப்பட்டவர் அன்று ஒரு நாள் மட்டும் எழுதாமல் விட்டார். அவரும் சித்தியும் கிழக்கு மலையில் அந்த ஜாடித் தேரையைப் பிடித்ததும் மழை கொட்டியது. பை கிழிந்துபோக, சித்தியின் சாப்பாட்டு டப்பாவில் தேரையைப் போட்டுக்கொண்டு, கணவாயைக் கடந்து மேற்கு மலைக் கூடாரத்துக்கு ஓடிவந்தார்கள். பென்சிலைச் சீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் அவர் கேட்டாராம்:

“நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

“முதல்ல சீட்ட எழுதுங்க.”

“நீங்க பதில் சொல்லுங்க, எழுதறேன்.”

“சரி.”

“எதுக்குச் சரி?”

“ரெண்டுக்கும்தான்.”

எழுதினார். உட்கார்ந்திருந்த இடத்தின் பெயரை எழுதினார். சித்தியும் சீட்டைச் சரிபார்க்கும் நிலையில் இல்லை. போன மாதம், அலமாரியில் அகப்பட்ட தன் பழைய நாட்குறிப்பில் அந்தத் தேதியைப் படித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

4

முடிவு. சித்தப்பாவின் பெயர் கெடக் கூடாதென்று சித்தி புள்ளியை அப்படியே விட்டுவிடுவதாக முதலில் எழுதினேன். சித்திக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

“அந்தப் புள்ளிய நம்பி இன்னமும் ஆளுங்க மலை ஏறிட்டிருக்காங்கடா. அவரே இருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பாரா?”

அடுத்து, அழுதுகொண்டே அழிப்பதாக எழுதினேன்.

“நான் எங்கடா அழுதேன்?”

அழவில்லை.*

* மூக்கைச் சிந்தினார். தூசி என்றார். அலமாரியில் தூசி இருந்தது உண்மை.

நிஜத்தில் நடந்தது இது: புள்ளியை அழித்தார். மேற்கு மலைத் தேரை இனித் தனி இனம். திருத்தக் குறிப்பு எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் ஒரே ஒரு வரி கேட்டுத் திருப்பியனுப்பிவிட்டார்: சீட்டில் இடம் தவறியது எதனால்? ‘கவனக்குறைவு’ என்று போட்டால் போதுமாம்.

அந்தச் சொல்லைச் சித்தப்பா பெயருக்குப் பக்கத்தில் எழுதச் சித்திக்குக் கை வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் ஆய்விதழில் சிரிப்பார்கள். இரண்டு வாரமாகக் குறிப்பு மேசையிலேயே கிடக்கிறது.

“நீதான் கதை எழுதறவனாச்சே, ஒரு வரி எழுதிக் குடேன்,” என்றார் நேற்று.

இவ்வளவு எழுதிய எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை. நீங்கள் எழுதிப் பாருங்கள். நாளைக்கு அனுப்பியாக வேண்டும்.

‘சேகரித்த இடம்: கிழக்கு மலை. சீட்டில் மேற்கு மலை என்று எழுதப்பட்டதற்குக் காரணம், அன்று மாலை