மறைத்த மூன்று வயது

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காக இரக்கப்பட வேண்டாம்.

1935ஆம் வருஷம். சீனியர் கேம்பிரிட்ஜ் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் எங்கள் வரிசையில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்த வகுப்பைத் தொட்டதில்லை. அப்பா பக்கிரிசாமி செந்தூல் பட்டறையில் ஃபிட்டர். நான் தேறினால் டீச்சர் ஆகலாம், இல்லாவிட்டால் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அதனால் அந்தப் பரீட்சையை உயிராக நினைத்தேன்.

ஒரே ஒரு சங்கடம். பள்ளி ரிஜிஸ்டரில் சீதாலெட்சுமிக்கு வயது பதினாறு. உண்மையில் எனக்குப் பத்தொன்பது. ஊரிலிருந்து கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவ்வளவு பெரிய பெண்ணை முதல் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அப்பா மாஜிஸ்திரேட் முன்னால் நின்று ஆறு என்று சத்தியம் செய்து காகிதம் வாங்கி வந்துவிட்டார். பதினெட்டு தாண்டியவளுக்கு எங்கள் பள்ளியில் இடமில்லை. வீட்டுக்கு வெளியே இது தெரிந்தவள் ஒருத்திதான். சந்திரகலா, என் பக்கத்து இருக்கைக்காரி.

அவளிடமும் ஒரு ரகசியம் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழக அவள் மனுப் போட்டிருந்தாள். அவளுடைய அப்பா ராதாகிருஷ்ணன் ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி. தன் மகள் கண்ட ஆம்பிளைகளின் புண்ணைக் கழுவுவதா என்று கேட்கிற ஜாதி. எனவே மனுவில் அவர் கையெழுத்தை நாங்களே போட்டோம். அவளுக்கு அவருடைய சுழி வரவில்லை. நான்தான் போட்டேன், அசலையே தோற்கடிக்கிற மாதிரி. பிறகு அவளுடைய அட்லஸ் புத்தகத்தின்மேல் கை வைத்து, யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை என்று சரஸ்வதிமேல் சத்தியம் செய்தோம்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் தலைமையாசிரியை, பெரிய மிஸ், என்னைக் கூப்பிட்டார். மேசையில் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. "உன் நிஜ வயது என்ன?" என்று கேட்டார். அந்த வெள்ளைக்காரியின் கண்ணைப் பார்த்தபோதே எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. பத்தொன்பது என்று சொல்லிவிட்டேன். மாஜிஸ்திரேட் விஷயத்தைக் கிளற மாட்டேன், அதற்குப் பதிலாக நீ இன்றே பேசாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை. கேட்பானேன்? தெரிந்தவள் ஒருத்திதானே.

வகுப்புக்குத் திரும்பினேன். எல்லாரும் தையல் அறையில் இருந்தார்கள். என் புத்தகங்களை எடுத்துக்கொண்டேன். சந்திரகலாவின் அட்லசைத் திறந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதில் அதில்தான் இருந்தது. 'தங்கள் தகப்பனாரின் சம்மதக் கையெழுத்துடன் கிடைத்த மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று இங்கிலீஷில் அழகாக டைப் அடித்திருந்தார்கள். போன வாரம் பள்ளிக்கு வந்த அந்தக் கடிதத்தை வகுப்புத் தலைவி தங்கமணிதான் வாங்கி வந்து கொடுத்தாள்.

பள்ளி கேட் வரை ஓடி வந்தாள் சந்திரகலா. "சீதா, என்னடி ஆச்சு? சொல்லிட்டுப் போடி!" என்று அழுதாள். எவ்வளவு அருமையாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. போகிற வழியிலேயே ஒரு கவர் வாங்கி, ராதாகிருஷ்ணன் ஆபீஸ் விலாசம் எழுதி, அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை உள்ளே வைத்து ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன். அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் தங்கமணி வீட்டுக்கு வந்தாள். நான் விட்டுவிட்டு வந்த ஒரு நோட்டைக் கொடுக்க வந்ததாகச் சொன்னாள். முகம் வீங்கியிருந்தது.

"சந்திரகலாவ ஸ்கூல விட்டு நிறுத்திட்டாங்க. சனிக்கிழமை நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்துறாங்களாம். அங்க போய்க் கல்யாணமாம். ஒன்ன மாதிரியே அவளும் போயிட்டா. நான் யாரோட பேசுவேன்?"

எனக்கு உள்ளூர இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, இனிக்கத்தான் செய்தது.

அந்த இனிப்பு சனிக்கிழமை காலை வரைக்கும்தான். அன்று என்னைப் பெண் பார்க்க கிள்ளானிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காபித் தட்டோடு கூடத்துக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பள்ளிக் கிராணி வேலாயுதம்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா," என்று அவர் என் அம்மாவிடம் சொன்னார். "இப்ப எவன் ஜாதகத்த நம்புறது? நீங்க குடுத்தனுப்புனதுல பத்தொன்பதுன்னு இருந்திச்சி. சரியான்னு பாத்துருவோம்னு ஸ்கூல் ரிஜிஸ்டர எடுத்தேன். அதுல பதினாறு! எது நெசம்னு மிஸ்கிட்டயே கேட்டுப்புட்டேன். என் வேலையாச்சே அது, மறைக்க முடியுமா? அவங்க பொண்ணையே கூப்பிட்டுக் கேட்டாங்க. இப்ப ஜாதகம் சுத்தம்னு ஆயிருச்சி. எங்களுக்குச் சம்மதம்."

அம்மா எனக்கும் அப்பாவுக்கும் தெரியாமல் இரண்டு மாதம் முன்பே ஜாதகத்தைக் கொடுத்திருக்கிறாள். உண்மையான ஜாதகம். கல்யாண விஷயத்தில் பொய் சொன்னால் பாவம் என்று அவளுக்கு. பள்ளிக்கூடத்துப் பொய் அவள் கணக்கில் பொய்யே இல்லை.

தட்டை வைத்தேனா, போட்டேனா, நினைவில்லை. பின்வாசல் வழியாக ஓடினேன். போகிற போக்கில், ஆணியில் தொங்கிய அப்பாவின் வேலைச் சட்டையிலிருந்து ரயில் பாசை உருவிக்கொண்டேன். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்ற அந்த ரயிலை நான் திட்டாத திட்டு இல்லை. போய்ச் சேர்ந்ததும் ராதாகிருஷ்ணன் காலில் விழ வேண்டும், கையெழுத்துப் போட்டவள் நான், கடிதம் அனுப்பியவளும் நான் என்று சொல்லிவிட வேண்டும். வழி நெடுக அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

படகுத்துறையில் அவள் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா தூரத்தில் டிக்கெட் வரிசையில் நின்றார். அவளுடைய வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"வந்துட்டியாடி!" என்று இடது கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ வருவேன்னு தெரியும்."

"கையில என்னடி?"

"கையெழுத்து யார் போட்டதுன்னு கேட்டார். நான்தான்னு சொன்னேன். எந்தக் கையால போட்டேன்னு கேட்டுட்டு, ஆபீஸ் ரூல்தடியால..." அவள் துணியைப் பார்த்தாள். "ரெண்டு வெரல் மடங்கல. பரவாயில்ல, ஒன் பேரு வெளிய வரல."

சொல்லு, சொல்லு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லாமல், பெட்டிமேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சீதா, நான் யோசிச்சுப் பாத்தேன். ஒன்னையும் என்னையும் காட்டிக்கொடுத்தது ஒரே ஆள்தான். தங்கமணி. அந்தக் கடிதத்த எங்கிட்ட கொண்டாந்து குடுத்ததே அவதானே. நம்ம பேசுறதையும் எங்கயோ ஒட்டுக்கேட்டிருக்கா." அவள் குரல் நான் இதுவரை கேட்காத குரலாக இருந்தது. "அவ அப்பா செத்துட்டார்னு சொல்றாள்ல? பொய். புடு ஜெயில்ல இருக்கார். எங்க அப்பா ஒருநாள் பேசிக்கிட்டிருந்தார். வகுப்புல எல்லாருக்கும் தெரியணும். அவளும் என்ன மாதிரி அழுவணும். எனக்காகச் செய்வியா?"

காலடியில் இருந்த பையிலிருந்து அந்த அட்லசை எடுத்து என் மடியில் வைத்தாள். நல்ல கையை அதன்மேல் வைத்துக் காத்திருந்தாள். ராதாகிருஷ்ணன் டிக்கெட்டோடு வந்துகொண்டிருந்தார்.

நான் அவள் கைமேல் என் கையை வைத்துத் தலையாட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கப்பலுக்குப் போகிற படகில் ஏறினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. இடது கையால் எழுதியது, சின்னப்பிள்ளை எழுத்து மாதிரி கோணல் கோணலாக இருந்தது. 'கல்யாணம் ஆகிவிட்டது. அவருக்கு என் அப்பா வயது. தங்கமணியை என்ன செய்தாய்? அதை மட்டும் எழுது. அதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.'

கிள்ளான் மாப்பிள்ளையோடு என் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. தங்கமணி அடுக்களையில் அம்மாவோடு பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் பேனாவை எடுத்து, 'செய்துவிட்டேன்' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.