பை இல்லாத சட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆயுசு பூரா பஸ் ஓட்டியவனுக்கு அது இல்லாமல் எப்படி? அதனால்தான் மகன் கிளம்பும்போதே சொல்லிவிட்டான்.

"கூட வாங்கப்பா. ஆனா பேசாதீங்க. கேட்டா நானே சொல்லிக்கிறேன்."

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து அவனுக்கு வேலை தேடுகிறோம். இடையில் என்ன செய்தாய் என்று எங்கே கேட்டாலும், அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன். ஓர் இடத்தில் மஞ்சள்காமாலை என்றேன், இன்னோர் இடத்தில் முதுகுத்தண்டு என்றேன், மூன்றாவது இடத்தில் இரண்டையும் சொன்னேன். ஒரே பிள்ளைக்கு இத்தனை வியாதியா என்று அங்கே சிரித்தார்கள். வேலை மட்டும் கிடைக்கவில்லை. சும்மா வீட்டில் கிடந்தால் பழைய கூட்டாளிகள் தேடி வந்துவிடுவார்களோ என்று அவனுக்கும் பயம், எனக்கும் பயம்.

அன்று போனது ஒரு பெரிய சலவைக்கூடம். ஹோட்டல்களில் தங்குகிறவர்களின் துணிகள் அங்கேதான் வருகின்றன. உள்ளே நுழைந்ததுமே ஆவி முகத்தில் அடித்தது. ஒரு நீள மேஜையில் நாலைந்து பேர் கால்சட்டைப் பைகளைத் துழாவி, அகப்பட்ட பேனா, மோதிரம், சில்லறை எல்லாவற்றையும் அறை எண் ஒட்டிய டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மேஜைக்குத்தான் ஆள் தேவை.

முதலாளியம்மாவுக்கு இவனைப் பிடித்துப்போயிற்று. சட்டையை மடிக்கச் சொன்னார், பழகிய கை மாதிரி மடித்தான். சிகிச்சை எடுத்த இடத்தில் கற்றுக்கொண்டதுதான், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இடையில் எங்கே இருந்தாய் என்றும் அவர் கேட்கவில்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்றைக்கே தொடங்கு என்று அலமாரியிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து மேஜைக்கு மேலே நீட்டினார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டிக் குனிந்து அதை வாங்கினான் மகன். விரித்தால், மார்பில் பை இல்லை. பக்கத்திலும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாக்கெட் இல்லாத சட்டையா? என் பையனைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

மேஜையில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. முதலாளியம்மா குரலை உயர்த்தவேயில்லை. ஊர்பேர் தெரியாதவர்களின் பொருளைத் தொடுகிற வேலை என்பதால் இங்கே யாருக்குமே பை கிடையாது என்றார். தான் போட்டிருந்த நீலச் சட்டையைக் காட்டினார். அதிலும் இல்லை.

"நான் ஒண்ணும் சொல்லலையே. நீங்கதான் சொன்னீங்க" என்றவரின் பார்வை என் மார்புக்கு வந்து நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். என் இடது கை என் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்தது. அவன் குனிந்தபோது தானாகப் போயிருக்கிறது. வீட்டில் அவன் பக்கத்தில் வந்தாலே போகிற கை.

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

மகன் சட்டையை மடித்து மேஜையில் வைத்தான். "போதைப் பழக்கம் இருந்துச்சு மேடம். அப்பா பாக்கெட்ல எடுத்திருக்கேன், நிறைய தடவை. சிகிச்சை முடிச்சிட்டேன். அவர் மேல தப்பு இல்ல."

என்னைக் காப்பாற்றுகிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலாளியம்மா அந்தச் சட்டையை எடுத்து மறுபடி அவனிடமே நீட்டினார். இந்த மேஜை இப்போதைக்கு வேண்டாம், பின்னால் மடிக்கிற இடத்தில் நிற்கட்டும், போகப்போகப் பார்க்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கிளம்புங்க" என்றார். நடுத்தெருவில் பஸ்ஸை நிறுத்தி, எதிர்த்துப் பேசிய ஆட்களை இறக்கிவிட்டவன் நான். எழுந்து நடந்தேன்.

வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே ஓடி வந்தான், நீலச் சட்டையில். அவனுடைய பர்ஸையும் போனையும் என் கையில் வைத்தான்.

"இதுல பாக்கெட் இல்லப்பா. நீங்க வச்சிருங்க."

வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் வழி முழுக்க அதைக் கையால் பொத்திக்கொண்டே வந்தேன், விழுந்துவிடக் கூடாதே என்று. பையில் என் வீட்டுச் சாவியும் இருந்தது. அவன் கொடுத்ததில் சாவி இல்லை. எப்படி இருக்கும்? வீடு திரும்பியதிலிருந்து அவனுக்கு நான் சாவி கொடுக்கவேயில்லை.

சலவைக்கூட வாசலில் பர்ஸை நீட்டிக்கொண்டு அவன் நின்றபோதாவது, சாவியை அவனிடம் கொடுக்க எனக்குத் தோன்றியிருக்கலாம்.