மாடி வளைவில் ஒரு நொடி

பூட்டை அழுத்திச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள் நாங்கோபி. கையால் சுழற்றி ஓட்டும் அவளுடைய மூன்று சக்கர வண்டி, இப்போது நகர மன்ற மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியோடு சங்கிலியால் கட்டுண்டு கிடந்தது. அவளை மாடிக்குத் தூக்கிப்போக வந்த காவலாள் வைஸ்வா முதலில் பூட்டைப் பார்த்தான். பிறகு அவள் இடுப்பை இருக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்த துணியைப் பார்த்தான்.

"கவுன்சிலர் அக்கா, என்ன வெளையாட்டு இது? எல்லாரும் மேல காத்திருக்காங்க. சேர்மன் என் தோலை உரிச்சிருவாரு."

"உரிக்கட்டும். கூட்டத்தைக் கீழ நடத்தச் சொன்னேன்னு போய்ச் சொல்லு."

ஊனமுற்றோர் சார்பில் மன்றத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவர் எப்படி மாடி ஏறுவார் என்று சட்டத்துக்குக் கவலையில்லை.

மழைக்காலம் முழுக்க அவள் கரும்புக்காட்டுச் சேற்றில் வண்டியை ஓட்டி, மன்றத்தில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று தன்னைப் போன்றவர்களிடம் வீடு வீடாய்க் கேட்டு வந்திருந்தாள். கண் தெரியாத இசபிர்யேயை நோட்டீஸ் போர்டைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கால் விளங்காத தையல்காரி நபிர்யே, உரிமம் வாங்க யார் யாரையோ மாடிக்கு அனுப்பி ஏமாந்திருந்தாள். எல்லா அறைகளையும் கீழே கொண்டுவர வேண்டும் என்று நாங்கோபி சொன்னபோது சேர்மன் பலிக்கோவா சிரித்தார். ஊனமுற்றவர்களிடமிருந்து இதுவரை ஒரு புகார்கூட வரவில்லையே என்றார். புகார் அறை மாடிக் கோடியில் இருந்தது.

அவள் கோரிக்கை குப்பைக்குப் போனது. அதற்குப் பதிலாக இன்றைய ஓட்டு, சேர்மனின் புது அலுவலகத்துக்காக இன்னொரு மாடி எழுப்புவதற்கு. ஓட்டு ஜெயித்தால் கட்டடக் காசு முழுக்க அந்த மாடிக்கே போய்விடும். அவர் ஆட்களும் எதிர்த்தரப்பும் சரிபாதி. அவள் கை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் ஜெயம்.

சேர்மனே இறங்கி வந்தார். பளபளக்கும் சப்பாத்து, வழக்கமான சிரிப்பு.

"என்னம்மா கோவம்? வா, நானே தூக்கிட்டுப் போறேன். பழகின கைதானே?"

பதவியேற்ற நாளில் அவர் அவளைக் குழந்தைபோல் ஏந்திப் படியேறிய படம் மன்றத்துக் காலண்டரில் வந்திருந்தது. ஊரில் அது தொங்காத கடை இல்லை. அதைக் காட்டி, என்ன மனுஷன் என்று அவளிடமே வியந்தவர்கள் உண்டு. அவள் வாயைத் திறந்ததில்லை.

"அந்தக் கை வேணாங்கய்யா. உங்க நாற்காலிங்கதான் கீழ வரணும். இல்லேன்னா நான் இல்லாம ஓட்டெடுத்துப் பாருங்க."

எதிர்த்தரப்புக் கவுன்சிலர் ஒருவர் மாடியிலிருந்து வாய்விட்டுச் சிரித்தார். தன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் இறங்கினார்கள், கோட்டும் டையுமாக, தலையில் நாற்காலியோடு. வேர்க்கடலை விற்றவளும் பைக் டாக்ஸிக்காரர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவள் பூட்டைத் திறந்து, வண்டியை மெல்ல ஓட்டி, வாசல் ஜகரண்டா மர நிழலில் நாற்காலி போட்டவர்கள் நடுவே நிறுத்தினாள்.

சேர்மன் புது மாடித் தீர்மானத்தை வாசித்துக் கையை உயர்த்தினார். அவர் ஆட்களின் கைகள் உயர்ந்தன. எல்லாக் கண்களும் நாங்கோபி பக்கம் திரும்பின. இத்தனை நாளும் அவர் கை எழுந்தபோதெல்லாம் அவள் கையும் எழுந்திருந்தது. தூக்கிச் சுமந்தவரிடம் நன்றி என்று ஊர் நினைத்துக்கொண்டது.

இன்று அவள் கைகள் வண்டியின் கைப்பிடியை விடவில்லை. தரையில் இருந்தாள். இங்கிருந்து விழ இடமில்லை.

"எல்லாரும் அந்தக் காலண்டர் படத்தைப் பாத்திருப்பீங்க," என்றாள், கடலைக்காரிக்கும் கேட்கும்படி. "படியேறுறப்போ மாடி வளைவுல, கேமராவுக்கு மறைவா, இவரு ஒரு கையை எடுத்துட்டாரு. நான் தலைகீழாத் தொங்குனேன். அப்போ என் காதுல சொன்னாரு: 'இப்ப நழுவிட்டா விபத்துன்னுதான் சொல்வாங்க. இனிமே நான் கை தூக்குறப்போ நீயும் தூக்கணும்.'"

சேர்மனின் கை இன்னும் மேலேயே இருந்தது.