நாற்பது கால் தவளை

எனில்டா சிமார்ரா தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் அரை அடி உப்புத்தாள்.

அன்று காலை அவளுடைய ரிப்பேர் கடைக்கு ஒருவன் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தான். விசிறியில் ஒரு குறையும் இல்லை. வந்தவன் கண்தான் நிலைகொள்ளாமல் மேசைமேல் திறந்து கிடந்த பெட்டியை மேய்ந்துகொண்டிருந்தது. ‘திருக்கை’ அனுப்பிய ஆள் என்று எனில்டாவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. கார்த்தஹேனா நகரில் அவர்கள் பக்கத்துத் தெருக்களில் பேர் பெற்ற பிக்கோக்கள் இரண்டுதான். கூரை உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கி, முகப்பில் கண்ணைப் பறிக்கும் சாயத்தில் படம் எழுதி, ஞாயிறு மதியம் ஊரையே ஆடவைக்கும் அந்த இரண்டில் ஒன்றுக்குத் திருக்கை மீன் படம். அது அரிஸ்திதெஸ் கன்யாத்தேயுடையது. மற்றொன்று இடது கையில் கத்தி பிடித்த வீரன் படம் போட்ட ‘இடக்கையன்’. அது எனில்டாவின் அண்ணன் வில்ஃப்ரிதோவுடையது. வருகிற ஞாயிறு இரண்டுக்கும் நேருக்கு நேர் போட்டி.

விசிறிக்காரனை விரட்டிவிட்டு எனில்டா கதவைச் சாத்தினாள். பிக்கோக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேறு யாரிடமும் இல்லாத இசைத்தட்டு கைக்கு வந்தால், நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்த்தாளை முதல் வேலையாகச் சுரண்டி எறிவார்கள். பெயர் தெரிந்தால்தானே எதிராளி போய் வாங்குவான்? அந்தக் குடும்பத்தில் பிறந்தவளுக்குப் புத்தி வேறெப்படிப் போகும்? பெட்டிக்குள் இருந்த நான்கு சிப்புகளையும், உதிரியாகக் கிடந்த ஒன்பதையும் எடுத்து, முதுகில் அச்சடித்திருந்த எழுத்தையும் எண்ணையும் உப்புத்தாளால் தேய்த்து அழித்தாள். அடிவயிற்றில் இருந்ததையும் விடவில்லை. அந்த ஒன்பதில் பாடுகிற சிப்பும் உண்டு, பாடவே பாடாத சிப்பும் உண்டு. திருடன் கையில் அகப்பட்டாலும் எதை எடுப்பது என்று தெரியாமல் திண்டாடட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மொட்டையாக்கினாள். ஒவ்வொன்றும் கன்னங்கரேல் என்று, பக்கத்துக்கு இருபதாக நாற்பது காலோடு பூரான் மாதிரி இருந்தது. உதிரிகளை முட்டை அட்டையில் வரிசையாக அடுக்கினாள். எந்தக் குழியில் எது என்பது அவள் மனசுக்கு மட்டும் தெரியும். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு அன்று தேங்காய்ச் சோறு ஒரு பிடி கூடவே சாப்பிட்டாள்.

அந்தப் பெட்டி அவளுடைய எட்டு மாத உழைப்பு. ஒரு காலத்தில் கடைத்தெருவில் வரிசையாக நின்று கூவிக்கொண்டிருந்த வீடியோ விளையாட்டு இயந்திரங்கள் இப்போது பசுர்த்தோ சந்தையில் குப்பையாகக் கிடக்கின்றன. அவற்றின் வயிற்றைக் கிழித்து, சுடுகிற பலகையிலிருந்து சத்தம் போடும் சிப்புகளைக் கால் முறியாமல் பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஒரு சிப்புக்கு மூன்று குரல். தனியாக ஓர் இரைச்சல். நான்கு சிப்புகளை ஒரு பழைய டிவிடி பிளேயர் கூட்டுக்குள் சாக்கெட் வைத்துப் பொருத்தி, மேலே அதே இயந்திரங்களின் சிவப்பு, மஞ்சள் பட்டன்கள் பன்னிரண்டை வைத்தாள். ஊர்ப் பையன்கள் முஷ்டியால் குத்திக் குத்திச் சாகாத பட்டன்கள் அவை. பாட்டு உச்சத்துக்கு வரும்போது அதன்மேல் தாளமும் கூச்சலும் அடிக்க எல்லாப் பிக்கோவிலும் ஓர் ஆள் உண்டு. எல்லோரும் அடிப்பது ஒரே ஜப்பான் பொம்மைக் கீபோர்டைத்தான். எனில்டாவின் பெட்டி போடும் சத்தம் இந்த ஊரில் யாரும் கேட்காதது.

அந்தச் சத்தத்தைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும், அதுவும் மேடையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இருபது வருடமாக இடக்கையனின் ஒவ்வொரு ஒயரையும் பற்றவைத்தவள் அவள். மேடைக்குக் கீழே நின்று பற்றவைத்தாள், மேலே ஏறியதில்லை.

“பெட்டி மேல வரட்டும். அடிக்கிறது நம்ம கீபோர்டுக்காரன் டைரோ,” என்று வில்ஃப்ரிதோ சொல்லிவிட்டான்.

“செஞ்சது நான் அண்ணே.”

“சோறு பொங்கினவ எல்லாம் முதல் பந்தியிலயா உக்கார்றா?”

“பொங்கினவளுக்குத்தான் உப்பு எங்க கம்மின்னு தெரியும்.”

“பிக்கோ மேடையில பொம்பள ஏறுனதா சரித்திரமே இல்லடி. அரிஸ்திதெஸ் மைக்குல கிழிகிழின்னு கிழிப்பான். ஆளை விடு.”

அவள் ஆளை விட்டாள். மனசை விடவில்லை.

ஞாயிறு மதியம் கால்பந்துத் திடலின் இரண்டு கோடியிலும் இரண்டு பிக்கோக்களும் முகத்துக்கு முகம் நின்றன. நடுவில் ஊர். முட்டை வைத்த அரெப்பா என்ற சோள அடை பொரிகிற வாசனையும் புழுதியும் வெயிலும் கலந்து அடித்தன. ஆளுக்கு மூன்று பாட்டு. ஒருவர் தட்டு ஓடும்போது மற்றவர் தட்டு ஓடக் கூடாது. கூட்டம் கடைசியில் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி. முதல் பாட்டு திருக்கைக்கு என்று சீட்டு விழுந்தது.

டைரோ நல்ல பையன்தான். விரலில் தாளம் உண்டு, தலையில் எண்ணெயும் உண்டு, மற்றதைப் பற்றிச் சொல்வதற்கில்லை. “நான் பாத்துக்கறேன் அக்கா” என்று பெட்டியின் மின்சார ஒயரை லாரி பேட்டரியில் தானே மாட்டினான். சிவப்பு போக வேண்டிய இடத்தில் கறுப்பு போயிற்று. சுடச்சுட ஒரு நாற்றம் வந்தது. பிறகு பெட்டி வாயைத் திறக்கவில்லை. தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கும் சின்னஞ்சிறு டையோடு ஒன்றை வைத்திருந்தால் தப்பியிருக்கும். தன்னைத் தவிர யார் இதை மாட்டப்போகிறார்கள் என்று எனில்டா அதை வைக்கவில்லை. சிப்புகளுக்குக் கட்டளை கொடுக்கும் பலகை செல்போன் சார்ஜரில் தனியாக ஓடியதால் பிழைத்தது. சிப்புகள் நான்கும் போய்ச் சேர்ந்தன.

“எங்கயாவது போய்ப் பொம்மைக் கீபோர்டைக் கொண்டாடா, கழுதை!” என்று வில்ஃப்ரிதோ கத்தினான். டைரோ மோட்டார் சைக்கிளில் பறந்தான்.

எனில்டா முட்டை அட்டையை எடுக்க லாரிக்கு ஓடினாள். வரும் வழியெல்லாம் லாரி குதித்த குதியில் அட்டை கவிழ்ந்து, ஒன்பது சிப்புகளும் லாரித் தரையில் சிதறிக் கிடந்தன. வரிசை போயிற்று. வரிசையோடு நினைவும் போயிற்று. எதிரியை ஏமாற்ற அவள் தேய்த்த உப்புத்தாள் இப்போது அவளையே ஏமாற்றியது. அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரம் இல்லை என்பதால் ஒன்பதையும் பாவாடையில் வாரிக்கொண்டு, யாரையும் கேட்காமல் மேடையில் ஏறினாள்.

“ஏய், எங்கடி ஏறுற?”

“இதுல எது பாடும்னு உனக்குத் தெரியுமா அண்ணே?”

வில்ஃப்ரிதோ ஒன்பது மொட்டைச் சிப்புகளையும் பார்த்தான். “தெரியாது.”

“அப்ப வழி விடு.”

மீட்டரை எடுத்து ஒவ்வொரு சிப்பின் முதல் காலிலும் நாற்பதாவது காலிலும் வைத்துப் பார்த்தாள். அவளுடைய பாட்டுச் சிப்புக்கு மின்சாரம் வருவதும் போவதும் அந்த இரண்டு கோடியில்தான். மூன்று ஒத்துவரவில்லை, ஓரம் தள்ளினாள். மிச்சம் ஆறு. உயிர் இருக்கிறதா, எந்தக் குரல் மிச்சம் என்பதை மீட்டர் சொல்லாது. காதால்தான் கேட்க வேண்டும். கேட்டுப் பார்க்கச் சின்ன ஸ்பீக்கர் கூட அங்கே இல்லை. இருந்தது இடக்கையன் மட்டுமே, கூரை உயரத்துக்கு.

திருக்கையின் பாட்டு அங்கே களைகட்டிக்கொண்டிருந்தது. எனில்டா பேட்டரி ஒயரைச் சரியாக மாற்றி மாட்டி, செத்த சிப்புகளைப் பிடுங்கிவிட்டு, முதல் சிப்பைச் சாக்கெட்டில் அழுத்தினாள். ஊமை. இரண்டாவது தொட்ட விரலைச் சுட்டது, பிடுங்கி வீசினாள். மூன்றாவதைப் போட்டதும் இடக்கையன் முழுத் தொண்டையில் “ஷ்ஷ்ஷ்” என்று இரைந்தது. குரல் மூன்றும் செத்து இரைச்சல் மட்டும் பிழைத்த சிப் அது. திடலே திரும்பிப் பார்த்தது.

எதிர்க்கோடியில் அரிஸ்திதெஸ் மைக்கைப் பிடித்தான். “என்னப்பா இடக்கையா, சண்டைக்கு வந்தியா, மீன் பொரிக்க வந்தியா?”

கூட்டம் கெக்கலி கொட்டியது. வில்ஃப்ரிதோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். எனில்டாவின் முகம் காது மடல் வரை சிவந்தது. ஆனாலும் பட்டனை விடவில்லை. இரைச்சலை நறுக்கினால் தாளம் ஆகுமா என்று பார்க்க வேண்டும். சக், சக், சச்சக். ஆயிற்று. அங்கே ஓடும் பாட்டின் தாளத்தோடு அவள் கை தன்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. முன்வரிசையில் நின்ற இரண்டு பெண்களின் இடுப்பு திருக்கையின் பாட்டை விட்டு இந்தச் சக்குக்கு மாறியது. எனில்டா அதைப் பார்த்துவிட்டாள்.

நான்காவது சிப் மூன்று குரலிலும் தங்கமாகப் பாடியது. ஐந்தாவதும் அப்படியே. ஆறாவதில்தான் கூத்து. ஒரு குரல் செத்து, ஒரு குரல் கம்மி, மூன்றாவது தொண்டை கட்டி, மிச்ச இரண்டும் ஒன்றாக “க்ரோவ்க்” என்றன.

“பாருங்கய்யா! மீனு போச்சு, தவளை வந்தாச்சு!” என்றான் அரிஸ்திதெஸ். “ஏய் வில்ஃப்ரிதோ, மேடையில யாருய்யா அது? ஆம்பள கிடைக்கலையா உனக்கு?”

அண்ணன் தங்கையைப் பார்த்தான். இறங்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் எனில்டா நான்கு சாக்கெட்டையும் நிரப்பி, பட்டன்களின் மேல் பத்து விரலையும் விரித்துவிட்டாள்.

திருக்கையின் பாட்டு அப்போதுதான் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. யாரிடமும் இல்லாத பாட்டு. அரிஸ்திதெஸ் இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்தது. கிதார் நின்று, முரசு மட்டும் தனியாக ஓடுகிற இடம். அந்த இடைவெளிக்குள் எனில்டா தன் தவளையைக் குதிக்க விட்டாள். க்ரோவ்க், சச்சக், க்ரோவ்க். மேலே சுத்தமாகப் பாடும் இரண்டு சிப்புகளும் ஒன்றையொன்று துரத்தின. எதிராளியின் பாட்டு அவளுக்குப் பின்பாட்டு ஆயிற்று.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு ஊளையிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பாட்டு திருக்கையிலிருந்து வருகிறது, கால்கள் இடக்கையனை நோக்கி வருகின்றன!

“அநியாயம்!” என்று அரிஸ்திதெஸ் கத்தினான். “என் தட்டு ஓடுது! சட்டம் என்ன ஆச்சு?”

வில்ஃப்ரிதோவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மைக்கை எடுத்தான். “தட்டு ஓடக் கூடாதுன்னுதான் சட்டம் மச்சான். இங்க தட்டு எங்க ஓடுது? தங்கச்சி பெட்டியச் சோதிச்சுப் பாக்குறா. சோதிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?”

திடல் சிரித்த சிரிப்பில் அரிஸ்திதெஸுக்கு இருந்தது இரண்டே வழி. பாட்டை ஓட விட்டால் அது எனில்டாவுக்கு உழைக்கும். நிறுத்தினால் தன் முறை போகும். ஆத்திரத்தில் ஊசியைத் தூக்கிவிட்டான். கெடுதலாகப் போயிற்று அவனுக்கு. பாட்டு நின்ற பிறகும் எனில்டா நிற்கவில்லை. கீழே தட்டும் இல்லை, கிதாரும் இல்லை. நான்கு மொட்டைச் சிப்புகளும் அவள் பத்து விரலும்தான். வலது கை தவளையைக் குதிக்க வைத்தது, இடது கை இரைச்சலை நறுக்கியது. அதற்குத்தான் முந்நூறு பேர் ஆடினார்கள். அரெப்பா பொரித்தவள் சட்டுவத்தோடு ஆடினாள். திருக்கையின் ஒயரைச் சுருட்ட வந்த ஆளே, அந்த விசிறிக்காரன், தோளைக் குலுக்கிக்கொண்டு நின்றான். எனில்டாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. இந்தச் சத்தம் என் சத்தம் என்று வாய்விட்டே சொன்னாள். அந்த முழக்கத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது!

அப்போதுதான் டைரோ வந்தான், பொம்மைக் கீபோர்டைக் குழந்தை போல் இடுக்கிக்கொண்டு. திடலின் அந்தக் கோடி காலியாகக் கிடப்பதையும், எல்லாரும் இந்தக் கோடியில் நெருக்கியடிப்பதையும் கண்டு பூரித்துப்போய் மேடையில் ஏறினான்.

“போதும் அக்கா, நகரு. இனிமே நான் பாத்துக்கறேன்.”

எனில்டா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதில் வில்ஃப்ரிதோவிடமிருந்து வந்தது.

“எதைடா பாத்துக்கற? இதுல எது என்ன பாடும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கீழ இறங்கி ஒயரைப் பிடி.”

“ஒயரா? நானா?”

“சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட. போ!”

கீழே கூட்டம் “தவளை! தவளை!” என்று கூவியது. எவனோ ஒருவன் ஸ்பீக்கரைத் தட்டி, “யாருப்பா அடிக்கிறது? பேரைச் சொல்லுங்க!” என்றான். வில்ஃப்ரிதோ நெஞ்சை நிமிர்த்தினான். ஒவ்வொரு ஞாயிறும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவர் பெயரையும் மைக்கில் முழங்குகிறவன் அவன். “சொல்றேன், சொல்றேன்! நம்ம இடக்கையன் மேடையில இன்னைக்கு, முதன்முதலா, என் கூடப்பிறந்த...”

எனில்டா ஒரு கையால் தாளத்தை விடாமல், மறு கையால் மைக்கை அவனிடமிருந்து பிடுங்கினாள்.

“எனில்டா சிமார்ரா! பெட்டியைச் செஞ்சதும் நான், அடிக்கிறதும் நான்! அண்ணே, நம்ம முதல் பாட்டை இப்பப் போடு!”