மீசாலையில் ஆறு மாதம்

பியாட்றிஸ் ரீச்சர் பென்சனில் போய்ப் பதின்மூன்று மாதங்கள். பென்சன்தான் இன்னும் அவளிடம் வந்து சேரவில்லை.

முப்பத்தைந்து வருடம் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தவள். கலியாணம் கட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் அரியாலையில் தம்பி ஏர்னெஸ்ட் வீட்டுக்கு வந்தாள். வளவின் பின்பக்கம் தனக்கென்று ஓர் அறையும் குசினியும் கட்டத் தொடங்கினாள். கையிலிருந்த காசு சுவர் எழும்பியதோடு முடிந்தது. பணிக்கொடையும் பென்சனும் வந்தால் கூரை போடலாம். வராதபடியால் சுவருக்குள் பாகல்கொடி படர்ந்தது. அவள் தம்பி வீட்டு விறாந்தையில் படுத்தாள்.

சம்பளம் வந்த காலத்தில், வீட்டுக்கு வந்தால், தம்பியின் பெண்சாதி றொசாந்தி மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைப்பாள். இப்போது வால்துண்டு. அதற்காக றொசாந்தியைக் குறை சொல்ல முடியுமா? வாலையும் யாராவது ஒருவர் தின்னத்தானே வேண்டும். "இந்த மாதமும் இல்லையோ மச்சாள்?" என்று அவள் கேட்பது வெறும் விசாரிப்புத்தான். மாதத்தில் நாலு தரம் விசாரித்தால் அது குத்தத் தொடங்கிவிடுகிறது.

தடை ஒன்றே ஒன்று. தொண்ணூற்றைந்து கார்த்திகையிலிருந்து அடுத்த சித்திரை வரை ஆறு மாதம் அவள் வேலை செய்ததற்குப் பதிவு இல்லையாம். கொழும்புக்குப் போன பைல் மூன்று தரம் திரும்பி வந்துவிட்டது. பதிவு இல்லாததில் என்ன அதிசயம்? சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க மூட்டை முடிச்சோடு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த காலம் அது. பியாட்றிஸ் மீசாலையில், தேவாலய வளவில் கிடுகுக் கொட்டில் ஒன்றைப் பிடித்து, எழுபத்திரண்டு பிள்ளைகளை உரப்பைகளில் இருத்திப் படிப்பித்தாள். சோக்குக்கட்டி முடிந்ததும் தகரத்தில் கரியால் எழுதினாள். அந்த ஆறு மாதச் சம்பளம் வரவேயில்லை. உயிர் தப்பியதே காணும் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள்.

அப்போதைய அதிபர் நதானியேல் மாஸ்ரர் அங்கேயும் சைக்கிளில் வந்து, பள்ளியில் அன்றன்று நடப்பதைப் பதிகிற பெரிய புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினார். சம்பவத் திரட்டுப் புத்தகம் என்பார்கள். அது கிடைத்தால் போதும், தடை நீங்கிவிடும். மாஸ்ரர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் ஜெனிற்றா இப்போது அதே பள்ளிக்கூடத்தில் பிரதி அதிபர்.

ஜெனிற்றா பியாட்றிஸுக்கு உடன்பிறவாத தங்கை. இருபத்தெட்டு வருடம் இருவரும் ஒரே மேசையில் சோற்றுப் பெட்டியைத் திறந்தவர்கள். கரும்பலகையில் கோணாமல் எழுத ஜெனிற்றாவைப் பழக்கியதே பியாட்றிஸ்தான். ஜெனிற்றாவின் மகள் நிவேதனாவுக்கு அவள்தான் ஞானத்தாய். அப்படிப்பட்டவள் புத்தகத்தைத் தேடித் தராமல் இருப்பாளா?

"அக்கா, அலுமாரி முழுக்கக் கிண்டிப் பாத்திட்டன். அந்த வருஷப் புத்தகத்தைக் கறையான் திண்டிட்டுது," என்று அவள் பியாட்றிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போது கண் கலங்கியது. அவளைத் தேற்றிவிட்டுத்தான் பியாட்றிஸ் வீடு வந்தாள்.

பிரியாவிடை விழாவிலும் ஜெனிற்றா அழுதவள்தான். "மீசாலையிலை பிள்ளையளை உரப்பையிலை இருத்திப் படிப்பிச்ச நாளை மறக்கேலுமோ?" என்று மைக்கில் சொன்னாள். ஜெனிற்றா அந்த நாட்களில் மீசாலையில் இல்லை. படிக்கவென்று வெள்ளவத்தையில் மாமி வீட்டில் இருந்தாள். கதையைப் பியாட்றிஸ்தான் அவளுக்குச் சொல்லியிருந்தாள். பாசத்தில் பிள்ளை என் கதையைத் தன் கதைபோலச் சொல்கிறது என்று பியாட்றிஸ் முன்வரிசையில் இருந்து பூரித்துப்போனாள்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, வலயக் கல்விக் கந்தோரிலிருந்து கூப்பிட்டார்கள். பென்சன் பைல்களைப் பார்க்கும் லிகிதர் தர்சினி, நல்ல பிள்ளை. தன் மேசைக்குப் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டாள்.

"பழைய பைல் அறையிலை உங்கடை பைலின்ரை முதல் பாகம் கிடைச்சிட்டுது ரீச்சர். ஆனால் அதுக்குள்ளை இது கிடந்தது."

கோடு போட்ட தாள். ஓரம் மஞ்சளித்திருந்தது. சொந்தக் காரணத்துக்காக ஆறு மாதம் சம்பளமற்ற லீவு தரும்படி பியாட்றிஸ் கேட்டிருந்தாள். தன் வகுப்பைத் தொண்டர் ஆசிரியர் செல்வி ஜெனிற்றா நதானியேல் பொறுப்பேற்பார் என்றும் எழுதியிருந்தாள். அதாவது, அவள் எழுதியதாக எழுதியிருந்தது. வலப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்து நதானியேல் மாஸ்ரருடையது. அடியில் இருந்த கையெழுத்து மட்டும் அவளுடையது.

"இது உங்கடை கையெழுத்தோ ரீச்சர்?"

"ஓம். கையெழுத்து என்ரை. கடிதம் என்ரையில்லை."

தர்சினிக்கு விளங்கவில்லை. அந்தக் காலத்துக்காரருக்குத்தான் அது விளங்கும். செல்லடியும் ஊரடங்குமாக இருந்த நாட்களில் நாளைக்கு யார் பள்ளிக்கூடம் வந்து சேருவார் என்று யாருக்கும் தெரியாது. வராவிட்டால் லீவுக் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் சம்பளத்தில் வெட்டு. அதனால் ஆசிரியர்கள் எல்லாரும் வெறுந்தாள்களின் அடியில் கையெழுத்து வைத்து அதிபரிடம் கொடுத்து வைத்தார்கள். தேவைப்படும்போது அவரே நிரப்பிக்கொள்வார். கொடுக்காதவரை, அதிபரையே நம்பாத ஆள் என்று மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். பியாட்றிஸ் ஐந்து தாள் கொடுத்தாள்.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்ட கதை அப்போதுதான் அவளுக்கு வெளித்தது. இடம்பெயர்வுக் காலத்தில் தொண்டராகப் படிப்பித்ததாகக் காட்டித்தானே ஜெனிற்றாவுக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. எங்கே படிப்பித்தாள், எந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள் என்று பியாட்றிஸ் ஒருநாளும் கேட்கவில்லை. நியமனம் வந்த அன்று கேக் வாங்கிக்கொண்டு போனவளும் அவள்தான்.

"ரெண்டு வழி இருக்கு," என்றாள் தர்சினி. "அந்த ஆறு மாதமும் லீவிலை நிண்டது உண்மை எண்டு எழுதித் தந்தியளெண்டால், அதைக் கழிச்சுப்போட்டு அடுத்த மாதமே பென்சன் போடுவினம். இது பொய்க் கடிதம் எண்டால் விசாரணை வரும். எவ்வளவு காலம் இழுக்குமெண்டு எனக்குத் தெரியாது ரீச்சர்."

"திங்கட்கிழமை வந்து சொல்லுறன் பிள்ளை."

அன்று பின்னேரமே மருதனார்மடத்துக்கு பஸ் ஏறினாள். சந்தையடியில் இறங்கி, ஜெனிற்றா வீட்டுப் படலையைத் திறக்கும்வரைக்கும், எல்லாம் பிழையாக இருக்கவேண்டும் என்று செபித்துக்கொண்டே போனாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் ஜெனிற்றா மறுக்கவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

"அப்பா செய்தது அக்கா. எனக்கு நியமனம் வந்தாப் பிறகுதான் சொன்னவர்."

"அப்ப இருபத்தெட்டு வருஷமாய் உனக்குத் தெரியும்."

"ஓம் அக்கா."

"கறையான் திண்ட புத்தகம்?"

"என்னட்டைத்தான் இருக்கு. எரிக்க மனம் வரேல்லை."

பதின்மூன்று மாதமாக வால்துண்டு தின்றதும் விறாந்தையில் படுத்ததும் பியாட்றிஸின் நெஞ்சில் ஒன்றாக ஏறின. "மூண்டு தரம் கொழும்பிலிருந்து பைல் திரும்பி வரேக்கை மூண்டு தரமும் என்னோடை இருந்து அழுதனீயே!" என்றாள். "நான் என்னடி உனக்குச் செய்தனான்?"

ஜெனிற்றா அவளுடைய காலடியில் இருந்து அழுதாள். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், அப்பாவின் பெயர் போய்விடும் என்றாள். பியாட்றிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசிரியைக்கேயுரிய கணக்கோடு, ஒன்று கேட்டாள்.

"நான் குடுத்தது அஞ்சு தாள். மிச்ச நாலும் எங்கை?"

"அப்பா அப்பவே எரிச்சுப்போட்டார். கர்த்தர் அறிய அக்கா. திங்கட்கிழமை நானே புத்தகத்தைக் கொண்டுவாறன். தர்சினிக்கு முன்னாலை என்ரை வாயாலை உண்மையைச் சொல்லுறன். நாலு நாள் தாங்கோ. நிவேதனாவுக்கு முதல் சொல்லவேணும். அவள் வேறை ஆரின்ரையும் வாயாலை இதைக் கேக்கக் கூடாது."

ஞானமகளின் பெயரைக் கேட்டதும் பியாட்றிஸ் இளகிவிட்டாள். 'நம்ப நட, நம்பி நடவாதே' என்று ஒவ்வொரு வருடமும் மூன்றாம் வகுப்புக்கு உறுப்பெழுத்து எழுதக் கொடுத்தவள் அவள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகள் எழுதினார்கள், ரீச்சர் திருத்தினாள். படித்தது யார் என்று கேட்டால் பதில் இல்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கந்தோர் வாங்கில் வந்து இருந்தாள். பத்தரை ஆகியும் ஜெனிற்றாவைக் காணவில்லை. கோல் எடுத்தால் அவளுடைய போன் வேலை செய்யவில்லை. தேத்தண்ணிக்கு எழும்பி வந்த தர்சினி அவளைக் கண்டு திகைத்தாள்.

"ரீச்சர் ஏன் வந்தனீங்கள்? கால் வீங்கி நடக்கேலாமல் இருக்கிறியள் எண்டெல்லோ ஜெனிற்றா ரீச்சர் சொன்னவ. வெள்ளிக்கிழமையே உங்கடை கடிதத்தைத் தந்திட்டுப் போட்டா. பைல் இண்டைக்குக் கொழும்புக்குப் போகுது. அடுத்த மாதம் பென்சன்!"

"என்ன கடிதம்?"

தர்சினி எடுத்துக் காட்டினாள். தொண்ணூற்றைந்து கார்த்திகையிலிருந்து ஆறு மாதம் என் சொந்த விருப்பத்தில் லீவில் நின்றேன், அதைச் சேவைக் காலத்தில் கழிக்கச் சம்மதிக்கிறேன். வெள்ளிக்கிழமைத் திகதி. கோணாத, உருண்டை உருண்டையான எழுத்து. கரும்பலகையில் பியாட்றிஸ் கைபிடித்துப் பழக்கிய எழுத்து. அடியில் அவளுடைய கையெழுத்து, முப்பத்தொரு வயதில் வைத்தது, ஒரு நடுக்கமும் இல்லாமல்.

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். தகப்பன் செய்ததைச் சண்டைக் காலத்துத் தலையில் போட்டு மன்னித்திருக்கலாம். ஜெனிற்றா பயத்தில் மறைத்ததைக்கூட மன்னிக்க மனம் பாதி ஆயத்தமாக இருந்தது. ஆனால் காலைப் பிடித்து அழுதது வியாழன். இதை எழுதியது வெள்ளி. அழுத கண் காயமுன்னம் எழுதியிருக்கிறாள்.

"ரீச்சர்," தர்சினி மெல்லக் கேட்டாள், "இது உங்கடை கையெழுத்துத்தானே?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். மாரி முடியமுன்னம் கூரை வந்துவிடும். றொசாந்தி விசாரிப்பதை நிறுத்திவிடுவாள். இந்த வயதில் ஆறு மாதத்தை வைத்து என்ன செய்ய? பியாட்றிஸ் உண்மையாகவே யோசித்தாள். பிறகு அந்தக் கொட்டில் நினைவுக்கு வந்தது. முதல் வரிசையில், தகரத்திலிருந்து கரி உதிர்ந்து மூக்கெல்லாம் கறுத்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுச் சொந்த விருப்பத்தில் போனவள் என்று அவளுடைய பைல் சொல்லப் போகிறது. அவள் செத்த பிறகும் அதைத்தான் சொல்லும்.

"கையெழுத்து என்ரை. கடிதம் என்ரையில்லை. அந்தப் பழைய கடிதத்தையும் இதையும் பக்கத்திலை வைச்சுப் பாரும் பிள்ளை."

தர்சினி வைத்தாள். ஒரே கோடு போட்ட தாள், ஒரே மஞ்சள் ஓரம், ஒரே வெளிறிய நீல மையில் கையெழுத்து. ஒன்றின் திகதி முப்பது வருடம் பழசு. மற்றது போன வெள்ளி. தர்சினி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள்.

"விசாரணை எண்டால் பென்சன் இன்னும் பிந்தும் ரீச்சர். ஒரு வருஷமும் ஆகலாம்."

"பிந்தட்டும். ஒரு தாள் தாரும்."

கந்தோர் மேசையின் மூலையில் இருந்து பியாட்றிஸ் எழுதினாள். கொட்டிலை எழுதினாள், உரப்பையை எழுதினாள், நினைவிலிருந்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினாள். நாற்பத்தொரு பெயர்கள் வந்தன. சம்பவத் திரட்டுப் புத்தகம் யார் வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்று எழுதினாள். கடைசியில், என் கையெழுத்தோடு இன்னும் மூன்று வெறுந்தாள்கள் அதே வீட்டில் இருக்கின்றன, அவற்றில் இனி வரும் எந்தச் சொல்லும் என்னுடையதல்ல என்று எழுதினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரையில்லாத சுவர்கள் நனையும் என்று ஒரு கணம் நினைத்தாள்.

கடைசி வரியோடு ஒட்டிக் கையெழுத்து வைத்தாள். வைத்த பிறகு, தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஓர் எறும்பு நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருக்கவில்லை. அதன் பிறகுதான் தர்சினியிடம் கொடுத்தாள்.