சாவியை எடுத்தும் நிற்காத வண்டி

பொன்னுவேலுக்கு எதற்கும் ஒரு வழி போதாது, இரண்டு வழி வேண்டும். மாரமங்கலத்தில் ஒற்றை அறை வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்த மனுஷன் அவர். எஸ்டேட் கணக்கு ரைட்டரிடமிருந்து பழைய ஜாவா மோட்டார் சைக்கிளை வாங்கி, பனிமூட்டத்துக்கென்று முன்னால் மஞ்சள் விளக்கு மாட்ட நினைத்தபோதும் அந்தப் புத்தி போகவில்லை.

"சாவி போட்டா எரியோணும். சாவி இல்லாட்டியும் எரியோணும். மாட்டுக்கொட்டாய்க்கு வெளிச்சம் ஆகுமில்லீங்க?" என்றார்.

அதைக் கேட்டுத் தலையாட்டியவன் முருகேசன். சேலத்துக்காரன், ஏற்காட்டில் லாட்ஜுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். வண்டி வேலையை அதுவரை தொட்டதில்லை. "இதென்னங்க பெரிய வித்தை? மாடிப்படி லைட்டு மாதிரிதானுங்க. மேல ஒரு சுவிட்சு, கீழ ஒரு சுவிட்சு" என்றான். சாவியிலிருந்து ஒரு ஒயர் இழுத்தான், பாட்டரியிலிருந்து நேராக இன்னொன்று. இரண்டையும் விளக்கின் பின்னால் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினான். பாட்டரி ஒயருக்கு மட்டும் நடுவில், வீட்டுச் சுவரில் வைக்கிற கறுப்பு சுவிட்ச் ஒன்றை ஹேண்டில்பாரில் கட்டினான். சாவி போட்டால் எரிந்தது. எடுத்தால் அணைந்தது. சுவிட்சைப் போட்டாலும் எரிந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க அந்த இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை.

பொன்னுவேலின் மனைவி அத்தாயிக்கு விளக்கைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலையெல்லாம் நாகலூரில் இருக்கும் அண்ணன் குழந்தைவேலைப் பற்றித்தான். மகள் தேவகுமாரிக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வராவிட்டால் ஊர் வாயை மூட உலைமூடி போதுமா? அவரோடு பல வருஷமாகப் பேச்சில்லை. எல்லாம் பொன்னுவேல் செய்த வேலை. அண்ணன் வீட்டுக் காதுகுத்தில், முதல் பந்தியில் தன்னை உட்கார வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, கை நனைக்காமல் கிளம்பிவிட்டார். பின்னாலேயே இவளும் கிளம்ப வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பொங்கல் சீர் வரவில்லை. ஒவ்வொரு தை மாதமும் அத்தாயி அடுப்படியில் புகை என்று சொல்லிக்கொண்டு அழுவாள்.

இப்போது, வராத புத்தி வந்து, "நேர்ல போய் அழைச்சுட்டு வந்தர்லாம்" என்று அவரே சொன்னார். கார்த்திகை மாதம். மத்தியானமே கண் தெரியாத மூட்டம். இருட்டுக் கொட்டகையிலிருந்து வண்டியைத் தள்ளி வர வெளிச்சம் வேண்டுமென்று சுவிட்சைப் போட்டார். வெளியே வந்து சாவியைப் போட்டு உதைத்தார். சுவிட்சை மறந்தே போனார். வெற்றிலை பாக்குத் தட்டைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அத்தாயி பின்னால் ஏறினாள்.

குழந்தைவேல் களத்தில் காய்ந்த காபிக்கொட்டையைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார். வண்டி அவருக்கு நேர் எதிரே போய் நின்றது. பொன்னுவேல் சாவியைத் திருகி எடுத்தார்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி போட்டார், எடுத்தார். படபடவென்று ஓடியது. சாவியை உற்றுப் பார்த்தார். இது பெட்டிச் சாவியோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. நமக்குத் தெரியும்: சுவிட்ச் வழியாக விளக்குக்கு வந்த கரண்ட், சாவி ஒயரில் திரும்பி ஓடி எஞ்சினுக்கும் தீனி போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு என்ன தெரியும் பாவம்?

"ஏனுங்க, நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன்."

"ஓடுதுங்களே."

"அதத்தான் நானும் சொல்றேன். நிறுத்திட்டேன், ஓடுது! நீ எறங்காத, பாஞ்சு கீது வெச்சிரும்."

குழந்தைவேல் நிமிர்ந்தார். "வண்டிய நிறுத்தக்கூட மனசில்லீங்களா மாப்பிள்ளை? வாசல்லயே சொல்லிட்டுப் போறதுக்கு வந்தீங்களா?"

"மச்சான், சாவி இங்க பாருங்க!" பொன்னுவேல் சாவியைத் தூக்கி ஆட்டினார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு போய்ச் சேரவில்லை. ஆட்டியது மட்டும் தெரிந்தது.

"சாவிய ஆட்டிக் காட்டறீங்களா? வண்டி வாங்கின பவுசா?"

பொன்னுவேல் குனிந்து பெட்ரோல் குழாயை மூடினார். உள்ளே தங்கிய பெட்ரோலில் அது இன்னும் ஓடியது. களமெல்லாம் நீலப் புகை. அத்தாயிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாவி இல்லாமல் வண்டி எப்படி ஓடும்? கல்யாணம் நடக்கக் கூடாதென்று மலைச்சாமி சேர்வராயனே தடுக்கிறானா? போன தடவை கை நனைக்காமல் போனவர், இந்தத் தடவை இறங்காமலேயே போகப்போகிறாரா? புருஷன் கத்தினார், அண்ணன் கத்தினார், ஒரு சொல்லும் காதில் விழவில்லை. தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. மஞ்சள் வெளிச்சம் நேராக அண்ணன் முகத்தில் அடித்தது. அவர் ஒரு கையால் மறைத்துக்கொண்டு கத்தினார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சின்ன வயசிலிருந்தே அவருக்கு வெளிச்சம் ஆகாது. ஐயோ, கண் கூசுதே என்று, குனிந்திருந்த புருஷன் முதுகுக்கு மேலே கையை நீட்டி அத்தாயி அந்தக் கறுப்பு சுவிட்சைத் தட்டினாள்.

விளக்கு அணைந்தது. கூடவே எஞ்சினும் நின்றது.

அந்த அமைதியில் குழந்தைவேலின் குரல் மட்டும், நிறுத்தத் தெரியாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"...அன்னைக்கும் எந்தங்கச்சியப் பசியோட கூட்டிட்டுப் போனீங்க! இன்னைக்காச்சும் அவளை எறங்க உடுங்க மாப்பிள்ளை!"

சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிட்டது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பொன்னுவேல் சாவியையும் சுவிட்சையும் மாறிமாறிப் பார்த்தார். விளக்கு அணைந்த பிறகும் அண்ணன் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

அத்தாயி தட்டோடு இறங்கினாள்.

"சோறு இருக்குதா அண்ணா?" என்று கேட்டாள்.