ஏழு ரிசீவரும் சின்ன மாப்பிள்ளையின் பெட்டியும்

கிரேன்காரம்மா வீட்டுக் கார் கொட்டகையில் கார் கிடையாது. கூரையிலிருந்து ஏழு குட்டி விமானங்கள் தொங்கின. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு குச்சிகளை அசைத்தே கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கியவர் அந்த அம்மாள். ஓய்வு பெற்ற மறுமாதமே, "இத்தனை வருஷம் மேல இருந்து கீழ பார்த்தாச்சு, இனி கீழ நின்னு மேல பார்க்கிறேன்" என்று முதல் விமானத்தை வாங்கிவிட்டார். இரண்டு மகள்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பெரிய மாப்பிள்ளை மட்டும், "வாங்கினது வாங்கியாச்சு, உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம்" என்று திருப்புளியை எடுத்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய கதை அது.

உள்ளே இருந்தது ரிசீவர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தரையில் நிற்பவர் கையிலுள்ள பெட்டி பேசுவதைக் கேட்டு இறக்கைக்கும் வாலுக்கும் மோட்டாருக்கும் எடுத்துச் சொல்லும் காது அது. எல்லாக் காதுக்கும் எல்லாப் பெட்டியின் பேச்சும் விளங்காது. ஒரே கம்பெனி, ஒரே நிறம் என்று நம்பி வாங்கி வந்தால், பெட்டி புதிய முறையில் பேசும், ரிசீவர் பழைய முறையில் காத்திருக்கும். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எது எதோடு சேரும் என்று பார்த்துப் பொறுக்கி, ஏழு விமானத்திலும் வைத்தவர் பெரிய மாப்பிள்ளை. மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கும் வேலை அவருக்கு. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு ரிசீவர் மேலும் சீட்டு ஒட்டுவார். வரிசை எண், பேசும் முறை, தேதி, கடைசி வரியில் "சேர்த்தவர்: பெ.மா."

"பெரிய மாப்பிள்ளை சேரும்னா சேரும், சேராதுன்னா சேராது" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாப்பிள்ளைக்குத் தன் வீட்டில் கால் நிற்காது. "நீங்க எனக்குப் புருஷனா, எங்கம்மாவுக்கு மெக்கானிக்கா?" என்று மனைவி கேட்டதுண்டு. அதைக்கூட அவர் ஒரு பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் சின்ன மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். செருப்புக் கடையில் விற்பனையாளன். வாசலில் நடந்து வருபவரின் காலைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவான். வாய் சும்மா இருக்காது. அவன் சொல்லும் அரைக்காசு பெறாத நகைச்சுவைக்கெல்லாம் மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரிய மாப்பிள்ளை ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவரை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. சிரிக்க வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை, இவன் வரும் வரைக்கும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் கொட்டகைக்குள் அவன் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தான். உள்ளே புத்தம் புதிய டிரான்ஸ்மிட்டர், விமானத்தை ஓட்டும் இரட்டைக் குச்சிப் பெட்டி.

"அத்தை, கண்ணை மூடிக்கிட்டுக் குச்சியைத் தொட்டுப் பாருங்க."

"எதுக்குப்பா இதெல்லாம்? பழைய பெட்டி நல்லாத்தானே இருக்கு?"

"பெட்டி நல்லா இருக்கு, உங்க கட்டை விரல்தான் நல்லா இல்ல. போன மாசம் மைதானத்துல பார்த்தேன். விமானத்தை இறக்கின உடனே விரலை அமுக்கி விட்டுக்கிட்டீங்க. பழசுல ஸ்பிரிங் விறைப்பு. இது பூ மாதிரி இருக்கும்."

பெரிய மாப்பிள்ளைக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஆறு வருடமாக மாமியாரின் வலப்பக்கத்தில் நிற்பவர் அவர். வானத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், பாட்டரியைப் பார்த்தார். விரலைப் பார்க்கவில்லை. வந்து இரண்டே வருடம் ஆனவன் பார்த்திருக்கிறான்.

"நம்ம ஏழுக்கும் இது சேருமா, மாப்பிள்ளை? நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று மாமியார் புதிய பெட்டியை அவரிடம் நீட்டினார்.

அவர் மஞ்சள் விமானத்தை இறக்கி, ரிசீவரில் ஜோடி சேர்க்கும் முளையைச் செருகி, பாட்டரியைக் கொடுத்தார். சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியது. 'நான் தயார், பெட்டி எங்கே' என்று அர்த்தம். பெட்டியின் திரையில் அமைப்புகளைப் புரட்டினார். "புதிய முறை" என்ற வரியில் குறி நின்றது. அதற்கு நேர் கீழே "பழைய முறை" என்றும் ஒரு வரி. ஒரு பொத்தானை ஒரு தடவை கீழே அழுத்தினால் போதும், ஏழு ரிசீவரும் வாயைப் பிளந்து கேட்கும்.

கட்டை விரல் பொத்தானின் மேல் நின்றது. அப்புறம் பின்னால் போகும் பொத்தானை அழுத்தியது.

புதிய முறையிலேயே பெட்டி கூப்பிட்டது. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. நீல விமானம், வெள்ளை விமானம் என்று வரிசையாகப் பார்த்தார். எல்லாம் சிமிட்டின. அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததில் ஒரு வரியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சேராது, அத்தை."

பெட்டி வந்த வழியே கடைக்குப் போகும் என்பது அவர் போட்ட கணக்கு. மாமியாரோ பெட்டியை வாங்கி, கண்ணை மூடி, குச்சிகளை மெல்ல உருட்டிப் பார்த்தார். முகம் தளர்ந்தது. இத்தனை நாள் எவ்வளவு வலித்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இதை நான் விடப் போறதில்ல. பெட்டிக்கு ரிசீவர் சேரலைன்னா ரிசீவரை மாத்திட வேண்டியதுதான். ஏழையும் கழட்டிடறேன். சின்ன மாப்பிள்ளை, இதுக்குச் சேர்றதா நீங்களே பார்த்து வாங்கிட்டு வந்துடுங்க."

சொன்ன கையோடு திருப்புளியை எடுத்துவிட்டார். மஞ்சள் விமானத்தின் வயிறு திறந்தது. ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி, ரிசீவரைப் பெயர்த்து, காலி பிஸ்கட் டின்னுக்குள் போட்டார். டக். "சேர்த்தவர்: பெ.மா." மல்லாந்து கிடந்தது. அடுத்து நீலம். டக். வெள்ளை விமானத்தின் ரிசீவருக்காக நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் பரணிலிருந்து தேடி எடுத்து வந்தது பெரிய மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. அதுவும் டக். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டவன் போல அவர் நின்றார்.

சின்னவன் தலையைச் சொறிந்தான். "தப்பு என் மேலதான், அத்தை. அண்ணன் ஒட்டின சீட்டு ஏழையும் போன மாசமே போட்டோ எடுத்துக்கிட்டுப் போய், இந்த ஏழுக்கும் சேர்ற பெட்டியாக் குடுன்னுதான் கேட்டேன். கண்டிப்பாச் சேரும்னு அடிச்சுச் சொன்னான் கடைக்காரப் பாவி. அண்ணே, உங்க எழுத்தைப் பார்த்துட்டு, இவ்வளவு சுத்தமா யாருங்க எழுதினதுன்னு வேற கேட்டான். இருங்க, இப்பவே போய் அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டு வர்றேன்."

அந்தப் பாராட்டு பெரியவருக்கு முள்ளாகத் தைத்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! அவனோ செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். மாமியாரின் திருப்புளி நாலாவது விமானத்தின் மேல் இருந்தது.

"இருங்க சகலை. கடைக்காரரை ஒண்ணும் சொல்ல வேண்டாம். அத்தை, அந்தப் பெட்டியைக் கொடுங்க."

முளையையும் பாட்டரியையும் செருகி, திரையில் குறியைப் பழைய முறைக்கு ஒரு வரி கீழே இறக்கினார். நாலாவது விமானத்தின் விளக்கு இரண்டு தடவை சிமிட்டி, அசையாமல் நின்றது. குச்சியைத் தொட்டதும் வால் இடமும் வலமும் ஆடியது.

"இந்த வரியை நான் அப்பவே பார்த்தேன், அத்தை. பார்த்துட்டுத்தான் சேராதுன்னு சொன்னேன்."



"அப்ப கடைக்காரன் நல்லவன்தான்!" என்றான் சின்னவன்.

மாமியார் திருப்புளியைக் கீழே வைத்தார். "கூண்டுல இருக்கிறவளுக்குக் கீழே என்ன இருக்குன்னு தெரியாது, மாப்பிள்ளை. கீழே நிக்கிறவன் காட்டுற கையைத்தான் நம்பணும். அவன் ஒரு தடவை மாத்திக் காட்டிட்டா, அப்புறம் கை காட்ட ரெண்டு ஆளைப் போடுவாங்க. அதான் வழக்கம்." குரலில் கோபமில்லை, அதுதான் பெரியவரைச் சுட்டது. "கழட்டின மூணையும் மாட்டுங்க. ஏழையும் ஜோடி சேர்த்துப் புதுச் சீட்டு ஒட்டுங்க. இனிமே சீட்டுல இன்னொரு வரி இருக்கட்டும். சரிபார்த்தவர்னு. அது சின்ன மாப்பிள்ளை."

"எனக்கு என்ன தெரியும், அத்தை? செருப்பு சைஸ்தான் தெரியும்."

"விளக்கு நிலையா நிக்குதான்னு பார்க்கத் தெரியுமில்ல? போதும்."

ஊரார் மீட்டரையெல்லாம் சரிபார்த்து முத்திரை வைக்கும் மனிதர், பெஞ்சில் உட்கார்ந்து ஏழு சீட்டு எழுதினார். ஒவ்வொரு விமானமாக அவர் ஜோடி சேர்க்க, சின்னவன் குனிந்து விளக்கைப் பார்த்து, "நிக்குது அண்ணே" என்று ஏழு தடவை சொன்னான். கடைசிச் சீட்டை ஒட்டும்போது அவன் உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, உங்க வரியை விட என் வரி ரொம்பப் பொடிசா இருக்கே?"

"சீட்டுல இடம் அவ்வளவுதான் இருக்கு, சகலை."

சீட்டின் அடியில் இன்னும் ஒரு விரற்கடை இடம் வெறுமனே இருந்தது.